அபராதம் மட்டும் திரும்பி வந்தது

குற்ற மேல்முறையீட்டுத் தீர்ப்பைக் கடைசிப் பத்தியிலிருந்து படிக்க வேண்டும் என்று என் சீனியர் சொல்லிக் கொடுத்தார். முன்னால் இருக்கும் நாற்பது பக்கத்தை ராத்திரி படித்துக்கொள்ளலாம். வராந்தாவில் நிற்கிற மனைவிக்கும் தாய்க்கும் சொல்ல வேண்டியது கடைசிப் பத்தியில்தான் இருக்கும். விடுதலை என்றால் அந்தப் பத்தி ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரும். மேல்முறையீடு அனுமதிக்கப்படுகிறது, தண்டனை ரத்தாகிறது, வேறு வழக்கில் தேவைப்படாவிட்டால் உடனே விடுவிக்க வேண்டும், அபராதத் தொகை கட்டியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியைப் பதினைந்து வருஷம் படித்திருக்கிறேன். ஒரு தடவைகூட அதில் என் கண் நின்றதில்லை. நிற்க வைத்தவர் ஒரு கிணறு வெட்டுகிறவர்.

அவர் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். தென் மாவட்டம் ஒன்றில் கிணறு வெட்டுவது, தூர் வாருவது என்று பிழைத்த கூட்டத்தில் ஒருவர். 2005 அக்டோபரில், தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த ஒரு மூதாட்டியை யாரோ கொன்றுவிட்டுக் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பு அந்தத் தோட்டத்துக் கிணற்றில் தூர் வாரியவர்களில் நம்மவரும் இருந்தார். அது போதுமாக இருந்தது.

எங்கள் பக்கத்துக் கொலை வழக்கில் கண்ணால் பார்த்த சாட்சி கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஒரு வி.ஏ.ஓ., அதாவது கிராம நிர்வாக அலுவலர், வந்துவிடுவார். முன்பின் பழக்கமில்லாத எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், காலையில் அவர் அலுவலகத்துக்கு வந்து, மனம் பொறுக்காமல் கொலையை ஒப்புக்கொண்டதாகவும், அதை எழுதி வாங்கி ஆளையும் காகிதத்தையும் ஸ்டேஷனில் ஒப்படைத்ததாகவும் கூண்டில் சொல்வார். காரணம் எளிது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி செல்லாது, வி.ஏ.ஓ.விடம் சொன்னது செல்லும். பிறகு 27ஆம் பிரிவு இருக்கவே இருந்தது. எதிரி அழைத்துப்போய்க் காட்டிய கருவேலம் புதரிலிருந்து அரிவாள் எடுக்கப்படும், மகஜர் எழுதப்படும், இரண்டு பேர் கையெழுத்துப் போடுவார்கள். நான் நடத்திய அப்பீல்களில் எத்தனை அரிவாள் கருவேலம் புதரிலிருந்து வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை.

இந்த வழக்கில் அந்தக் கதையோடு ஒத்துப்போகாத ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. தந்தி ரசீது. கணவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன அன்று சாயங்காலமே, டீக்கடைக்காரர் ஒருவர் சொல்லிக் கொடுத்தபடி, அந்தப் பெண் தபால் ஆபீஸுக்குப் போய்க் கலெக்டருக்கு ஒரு தந்தி அடித்திருந்தார். 'என் புருஷனை போலீஸ் கொண்டுபோய்விட்டது, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.' ரசீதில் இருந்த தேதி, வி.ஏ.ஓ. முன்னால் அவர் 'தானாக வந்து' நின்றதாகச் சொன்ன நாளுக்கு மூன்று நாள் முந்தியது. விசாரணையில் அதை எதிர்த்தரப்புச் சான்றாவணமாகக் குறியீடு செய்திருந்தார்கள். தன் வசதிக்குத் தானே உண்டாக்கிக்கொண்ட ஆவணம் என்று செஷன்ஸ் தீர்ப்பு ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. ஆயுள் தண்டனை, 2,000 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் மேலும் 6 மாதம். அந்த 6 மாதத்துக்குப் பயந்து மனைவி தன் கம்மலை அடகு வைத்துப் பணத்தைக் கட்டினார்.

சட்ட உதவி மூலமாக அப்பீல் என்னிடம் வந்தது. தண்டனையை நிறுத்தி வைக்கச் சொல்லி இரண்டு தடவை மனுப் போட்டேன்; இரண்டும் தள்ளுபடி. பிறகு வரிசையில் காத்திருந்தோம். நடுவில் சில தடவை சிறைக்குப் போய் மனுப் போட்டு அவரைப் பார்த்தேன். கேஸைப் பற்றி அவர் அதிகம் கேட்க மாட்டார். வெளியில் மழை உண்டா, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கேட்பார்.

2013 தொடக்கத்தில் அப்பீல் விசாரணைக்கு வந்தது. இரண்டு நீதிபதிகளும் தந்தி ரசீதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். முகம் தெரியாத ஓர் ஆள் எதற்காக அத்தனை தூரம் நடந்து போய் முகம் தெரியாத ஒரு வி.ஏ.ஓ.விடம் கொலையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அரசு வக்கீலிடம் கேட்டார்கள். அரை நாளில் வழக்கு முடிந்தது. தீர்ப்பில் ஒரு சொற்றொடர் இருந்தது. அன்றைக்கு நான் அதையும் கவனிக்கவில்லை. 'சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து.'

விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்து அவர் வெளியே வரும்போது இருட்டிவிட்டது. நாலு வயதில் விட்டுப்போன மகளுக்குப் பதினொன்று ஆகியிருந்தது. அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். நான் பஸ் செலவுக்கு 500 ரூபாய் கொடுத்தேன். மறுநாள் என் குமாஸ்தா அண்ணன் வழக்குக் கட்டை நாடா போட்டு இறுக்கி 'முடிந்தவை' அலமாரியில் வைத்தார். என் பீரோவில், அதாவது வக்கீல் ஆபீஸில், எல்லா விடுதலையும் அங்கேதான் போகும்.

பதினாலு மாதம் கழித்து, 2014இல் அவர் என் வாசலில் வந்து நின்றார். அபராதத் தொகைக்காக ஏழெட்டு முறை கோர்ட்டுக்கு அலைந்திருக்கிறார். ரசீது எங்கே, எந்தத் தலைப்பில் கட்டினது, பில் போட வேண்டும், கருவூலத்துக்கு எழுத வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று. மனு எழுதிக் கொடுத்தேன். 2,000 ரூபாய் வந்து சேர்ந்தது. வட்டி ஒன்றும் கிடையாது. 2007இல் கட்டிய 2,000, 2014இலும் 2,000தான். இதற்கிடையில் அடகுக் கடையில் கம்மல் முழுகிப்போய், பவுன் விலை மூன்று மடங்குக்குப் போய்விட்டது.

பணம் வந்ததைச் சொல்ல வந்தவர் சட்டைப்பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். சிறையில் அவர் செய்த வேலைக்கான கூலிக் கணக்கு.

தமிழ்நாட்டுச் சிறைகளில் தண்டனைக் கைதிக்கு வேலை உண்டு, கூலி உண்டு. அப்போது அந்தக் கூலி முழுதாகக் கைக்கு வராது. அவருடைய சாப்பாடு, பராமரிப்புச் செலவுக்கென்று ஒரு பகுதியைப் பிடிப்பார்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்கு என்று இன்னொரு பகுதி போகும். மிச்சம்தான் அவர் கணக்கில் ஏறும். இது எனக்குத் தெரியும். தெரிந்ததை யோசித்ததில்லை.

"வக்கீலய்யா, பாதிக்கப்பட்டவங்களுக்குன்னு என் கூலியில பிடிச்சிருக்காங்க. கொலையை நான் செய்யலைன்னு கோர்ட்டு விட்டுருச்சு. அப்ப இதுல நான் யாருங்கய்யா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

அவரே தொடர்ந்தார். "கிணறு வெட்டுனா அடிக்கு இவ்வளவுன்னு கணக்கு இருக்கு. பாறை வந்தா அதுக்கு வேற கணக்கு. உள்ள இருந்ததுக்கு ஒரு கணக்கும் இல்லையா?"

கணக்கு இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. தண்டனை கொடுக்கிற கோர்ட்டு நாள் கணக்கில் அவ்வளவு கறார். எந்தத் தேதியில் கைது, எந்தத் தேதி வரை ரிமாண்ட், மொத்தம் எத்தனை நாள் என்று எழுதி, தண்டனைக் காலத்தில் அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லும். எங்கள் பேச்சில் அது 'செட் ஆஃப்'. ஒரு நாள் பிசகினாலும் திருத்த மனுப் போடலாம். தண்டனை ரத்தாகும்போது அந்த நாட்களெல்லாம் எங்கே போயின என்று எழுத ஒரு வரி கிடையாது. அபராதத்தைத் திருப்பித் தர வரி உண்டு. அன்று சாயங்காலம் குமாஸ்தா அண்ணனும் நானும் உட்கார்ந்து எண்ணினோம். 7 வருஷம், 4 மாதம், 12 நாள். இரண்டு லீப் வருஷத்தையும் சேர்த்து 2,691 நாள்.

வழி என்ன என்று தேடத் தொடங்கியபோதுதான் என் தவறு எனக்குத் தெரிந்தது. பொய் வழக்குப் போட்டதற்கு நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்குப் போடக் காலவரையறைச் சட்டம் கொடுக்கிற அவகாசம், விடுதலையான நாளிலிருந்து ஒரே வருஷம். சட்ட விரோதமாக அடைத்து வைத்ததற்கும் அதே ஒரு வருஷம். அவர் அபராதத்துக்காக அலைந்து முடித்தபோது பதினாலு மாதம் ஆகியிருந்தது. விடுதலையான அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். என் வேலை கடைசிப் பத்தியோடு முடிந்துவிட்டதாக நினைத்தேன், நாடாவும் போட்டாகிவிட்டது. அந்த வழக்கைப் போட்டிருந்தாலும் அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸ், கேட்கிற தொகைக்கு ஏற்ப கோர்ட் ஃபீஸ், அது இல்லாவிட்டால் ஏழை என்று ஃபீஸ் விலக்குக் கேட்கும் பாப்பர் ஓ.பி., அதற்கப்புறம் போலீஸ் கெட்ட எண்ணத்தோடுதான் செய்தது என்று நிரூபிக்கிற பாரம் என்று பத்து வருஷம் ஓடியிருக்கும் என்பது வேறு விஷயம். அந்தச் சமாதானத்தை நான் எனக்குச் சொல்லிக்கொள்வதில்லை.

பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது, 358. ஆதாரமில்லாமல் ஒருவரைப் போலீஸ் கைது செய்யும்படி செய்த ஆளிடமிருந்து நஷ்ட ஈடு வாங்கித் தரலாம். உச்சவரம்பு ஆயிரம் ரூபாய். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்திருக்கிறது. பெயரும் பிரிவு எண்ணும் மாறின, ஆயிரம் மாறவில்லை. அதையும் கொடுக்க வேண்டியவர் புகார் கொடுத்தவர். அரசுக்கு அதில் காலணா பொறுப்பில்லை. 1979இல் இந்தியா குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்தபோதே, சட்ட விரோதக் கைதுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை எங்கள் சட்டத்தில் இல்லை என்று ஒரு விலக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சேர்ந்தது. தவறான தண்டனைக்குச் சட்டப்படி இழப்பீடு தர வேண்டும் என்கிற ஷரத்தும் அதே உடன்படிக்கையில் இருக்கிறது. அதற்கு விலக்கு எழுதவில்லை; சட்டமும் எழுதவில்லை.

மிஞ்சியது ரிட். அதற்குக் கதவு திறந்துவிட்டவர் பீகாரைச் சேர்ந்த ருதுல் சா. 1968 ஜூன் 3இல் செஷன்ஸ் கோர்ட் அவரை விடுதலை செய்தது. சிறையிலிருந்து அவர் வெளியே வந்தது 1982 அக்டோபர் 16. விடுதலையான பிறகு 14 வருஷம் உள்ளே. மனநிலை சரியில்லாதவர் என்று சிறைத் தரப்பு சமாதானம் சொன்னது. 1983இல் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, அடிப்படை உரிமை பறிபோனதற்கு ரிட் மனுவிலேயே பணம் கொடுக்கச் சொல்லலாம் என்று முதல்முறையாக வழி போட்டது. தொகை 35,000 ரூபாய். அதில் 5,000 அரசு முன்பே கொடுத்திருந்தது. சட்டக் கல்லூரியில் இந்த வழக்கை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருக்கிறேன். 35,000த்தை 14 வருஷத்தால் வகுத்துப் பார்த்தது 2014இல்தான். வருஷத்துக்கு 2,500.

அந்த வருஷம் மே 16ஆம் தேதி அக்‌ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில், தூக்குத் தண்டனை பெற்றவர்கள் உட்பட ஆறு பேரை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்திருந்தது. போலீஸ் விசாரணையைத் தீர்ப்பு கடுமையாகச் சாடியிருந்தது. இதைவிட நல்ல காலம் வராது என்று எண்ணிக்கொண்டு ரிட் மனுவைத் தயார் செய்தேன். டைப் செட்டில் முதல் ஆவணம் தந்தி ரசீது. இரண்டாவது கூலிக் கணக்கு.

மனு மூன்று வருஷம் நிலுவையில் கிடந்தது. அதற்குள், 2016இல், அக்‌ஷர்தாம் வழக்கில் விடுதலையானவர்கள் இழப்பீடு கேட்டுப் போட்ட மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. விடுதலையான ஒவ்வொருவருக்கும் பணம் என்று போனால் அது ஆபத்தான முன்னுதாரணமாகிவிடும் என்பது காரணம். நான் நம்பி ஏறிய வண்டி எதிர்த்தரப்புக்குப் போய்விட்டது. எங்கள் வழக்கு வந்த அன்று அரசு வக்கீல் அந்த உத்தரவின் நகலைத்தான் முதலில் நீட்டினார்.

நீதிபதி பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி. "உங்கள் கட்சிக்காரர் குற்றமற்றவர் என்று தீர்ப்பில் எங்கே சொல்லியிருக்கிறது?"

தேடிக் காட்ட அதில் ஒன்றும் இல்லை. 'சந்தேகத்தின் பலன்'தான் இருந்தது. தந்தி ரசீதை நம்புகிறோம் என்று எழுதிய அதே தீர்ப்பு, அதை நம்பினால் போலீஸ் கதை முழுப் பொய் என்று ஆகிவிடும் இடத்துக்கு வந்ததும், மரியாதையாக ஒரு சுற்றுச் சுற்றி அந்தச் சொற்றொடருக்குப் போய்விட்டிருந்தது. விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் நானும் விட்டுவிட்டேன். தமிழ்நாடு காவல் பணிக்கு விண்ணப்பிக்கிற இளைஞர்களுக்கு இந்தச் சொற்றொடரின் கனம் தெரியும். சந்தேகத்தின் பலனில் விடுதலையானவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்று அந்தப் பணி விதி சொல்கிறது. விடுதலையிலும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு உண்டு. ஏழைகளின் அப்பீலில் பெரும்பாலும் இரண்டாம் வகுப்புத்தான் கிடைக்கும்.

மனு தள்ளுபடியானது. வெளியே டீ குடிக்கும்போது அரசு வக்கீல் என் தோளில் கை போட்டார். "உங்க ஆளுக்குக் கொடுக்கணும்னு எனக்கும்தான் இருக்கு. ஆனா நீங்களே சொல்லுங்க, உங்க பீரோவில விடுதலை வாங்குன எல்லாருக்கும் கொடுக்கலாமா?"

நேர்மையாகச் சொன்னால், கூடாது. இந்தத் தொழிலில் இருக்கிறவன் இதை மறைத்துப் பேச முடியாது. கொலை செய்துவிட்டு என்னிடம் வந்து, சாட்சிகள் பிறழ்ந்து, விடுதலையாகி, மறு வாரம் பழத்தட்டோடு வந்தவர்களும் உண்டு. பழத்தைக் குமாஸ்தா அண்ணன் வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதும் குற்றம் செய்யவில்லை என்பதும் ஒன்றல்ல. ஆனால் அவர்கள் இருப்பதால் இவர் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம் என்கிறார்கள். அப்பீல் கேட்கிற நீதிபதிகள் முன்னால் மொத்தக் கட்டும் இருக்கிறது. எந்தச் சாட்சி பயந்து பிறழ்ந்தார், எந்தச் சாட்சியைப் போலீஸ் உண்டாக்கியது என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? பிரித்து எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, அதனால் எழுதுவதில்லை.

2018 செப்டம்பரில் ஒரு ராத்திரி அவர் போன் செய்தார். "டிவியில பாத்தேன் வக்கீலய்யா. அம்பது லட்சம்."

நம்பி நாராயணன் தீர்ப்பு. நாகர்கோவில்காரர், மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்து இஸ்ரோவுக்குப் போனவர். 1994 நவம்பர் 30இல் கேரள போலீஸ் அவரை உளவு வழக்கில் கைது செய்தது. 50 நாள் காவல். குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று 1996இல் சி.பி.ஐ. அறிக்கை கொடுத்தது. அதன் பிறகும் இரண்டு பத்தாண்டு கோர்ட் கோர்ட்டாக ஏறி, 2018 செப்டம்பர் 14இல் உச்ச நீதிமன்றத்தில் 50 லட்ச ரூபாய் இழப்பீட்டு உத்தரவு வாங்கினார். பிறகு 2020இல் கேரள அரசு சமரசமாக 1.3 கோடி கொடுத்தது. அவர் விஷயத்தில் தண்டனையே இல்லை. வழக்கு கோர்ட்டுக்கு விசாரணைக்கு வரும் முன்பே முடிந்துபோனது. அவருக்குக் கொடுத்தது அதிகம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். 24 வருஷம் விடாமல் நிற்பதற்கு ஒரு விஞ்ஞானியின் பெயரும் பிடிவாதமும் தேவைப்பட்டன. கிணறு வெட்டுகிறவருக்கு அடுத்த நாள் வேலைக்குப் போக வேண்டும்.

மறு வருஷம், 2019 மார்ச்சில், நம்மவர் நிலைக்குப் பக்கத்தில் வரக்கூடிய ஒரு தீர்ப்பு வந்தது. மகாராஷ்டிரத்தின் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேர். 2009இல் ஆறு பேருக்கும் தூக்கு என்று சொன்ன அதே உச்ச நீதிமன்றம், பத்து வருஷம் கழித்து ஆறு பேரையும் விடுதலை செய்தது. 16 வருஷச் சிறை. ஆளுக்கு 5 லட்சம் கொடுக்க மகாராஷ்டிர அரசுக்கு உத்தரவு. 35,000, ஒன்றுமில்லை, 50 லட்சம், 5 லட்சம். எந்த வாய்ப்பாட்டில் இது வருகிறது என்று ஒரு கட்சிக்காரர் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வாய்ப்பாடு கிடையாது. எந்த அமர்வு, எந்த வக்கீல், எந்தக் காலம் என்பதுதான் கணக்கு.

வெளிநாட்டு ஏற்பாடுகளைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது இதற்குப் பிறகு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தவறாகச் சிறையிருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 80,000 டாலர் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பெயர் கொடுத்த டிம் கோல், குற்றமற்றவர் என்று 2009இல் அறிவிக்கப்படுவதற்கு ஒன்பது வருஷத்துக்கு மேல் முன்பே சிறையில் இறந்துபோனார். இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் இழப்பீடு உண்டு. ஆனால் சிறையில் இருந்த காலத்தில் வீட்டு வாடகை, சாப்பாட்டுச் செலவு மிச்சமாயிற்றே என்று அந்தத் தொகையில் ஒரு பகுதியைக் கழிக்கிற வழக்கம் இருந்தது. 17 வருஷம் சிறையிருந்து, 2023இல் தண்டனை ரத்தான ஆண்ட்ரூ மால்கின்சன் அதை ஊரறியச் சொன்ன பிறகு, அந்த ஆகஸ்டில் அந்தக் கழிவை எடுத்துவிட்டார்கள். படித்தபோது கூலிக் கணக்குக் காகிதம் நினைவுக்கு வந்தது. நம்மவரிடம் சாப்பாட்டுக்காசை முன்கூட்டியே பிடித்தாயிற்று.

ஜப்பானில் நாள் கணக்கு. ஒரு நாளைக்கு 12,500 யென் வரை. 1966இல் கைதாகி, தூக்குத் தண்டனைக் கைதியாகவே வாழ்க்கையைக் கழித்த இவாவோ ஹகமாதா, 2024 செப்டம்பரில் குற்றமற்றவர் என்று தீர்ப்பானார். மறு வருஷம் மார்ச்சில் அவருக்கு இழப்பீடு கணக்கிட்டார்கள். 17,389 நாள், நாளுக்கு உச்சவரம்பான 12,500, மொத்தம் 21,73,62,500 யென். அந்தப் பெருக்கலை நானே பேப்பரில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. போன வாழ்க்கை எத்தனை யென் கொடுத்தாலும் வராதுதான். ஆனால் அங்கே அரசு ஒரு தாளை எடுத்து, 17,389 என்று எழுதி, இது என் பற்று என்று ஒப்புக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதையை ஒருநாள் குமாஸ்தா அண்ணனிடம் சொன்னேன். அவர் திருத்தங்கல்காரர், பழைய தமிழ் ஆசிரியர் ஒருவரிடம் படித்தவர்.

"மதுரையில இது முன்னாடியே நடந்திருக்கு தம்பி. எல்லாரும் கோவலனோட நிறுத்திடுறாங்க. அதுக்கடுத்து வர்ற கதையைப் படிக்கிறதில்ல" என்றார்.

சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதை அது. தங்கால் என்ற அந்தத் திருத்தங்கலில் வார்த்திகன் என்ற அந்தணரின் சின்ன மகன் வேதம் ஓதியதைக் கேட்டு மகிழ்ந்து, வழிப்போக்கர் ஒருவர் அவனுக்கு நகைகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். குடும்பம் வசதியாவதைப் பொறுக்காத அரசு ஊழியர்கள், புதையல் எடுத்தான் என்று தகப்பனைச் சிறையில் தள்ளுகிறார்கள். அவர் மனைவி கார்த்திகை தரையில் புரண்டு அழுகிறாள். கொற்றவை கோயில் கதவு திறக்க மறுக்கிறது. பாண்டியன் பதறி, என்ன அநியாயம் நடந்தது என்று விசாரிக்கச் சொல்கிறான், உண்மை தெரிகிறது. அரசன் செய்தது நாலு காரியம். மன்னிப்புக் கேட்டான். திருத்தங்கலையும் வயலூரையும் வார்த்திகனுக்குக் கொடுத்தான். வார்த்திகன் முன்னால் தரையில் விழுந்து வணங்கினான். புதையல் கண்டெடுத்தவருக்கே சொந்தம் என்று, அந்த வழக்குக்கு வேராக இருந்த விதியையே மாற்றினான். கதவு திறந்தது.

கோவலனுக்காக ஓர் அரசன் உயிரை விட்டான் என்று மேடையில் பேசுவோம். அரசன் செத்ததால் கண்ணகிக்கு ஆனது ஒன்றுமில்லை. அதற்கப்புறம் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பரிகாரம் என்று ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்ததாக அதே காப்பியம் சொல்கிறது. ஒரு பொற்கொல்லன் செய்த பழிக்கு ஆயிரம் பேர். உயிரை விடுவதும் உயிரை எடுப்பதும் சுலபம். விசாரித்து, ஒப்புக்கொண்டு, ஊரை எழுதிக் கொடுத்து, விதியை மாற்றியவன் வார்த்திகன் கதையில் வருகிற பாண்டியன்தான். அவன் பெயரை எந்தச் சட்டக் கல்லூரி விழாவிலும் நான் கேட்டதில்லை.

விதியை மாற்றுகிற வேலை நம் காலத்திலும் பாதி வரை வந்தது. 2017இல் பப்லு சௌஹான் வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்டதன் பேரில், மத்திய சட்ட ஆணையம் 2018 ஆகஸ்டில் தன் 277ஆவது அறிக்கையைக் கொடுத்தது. இழப்பீட்டைத் தீர்மானிக்கத் தனி நீதிமன்றங்கள். பணத்தோடு மனநல ஆலோசனை, தொழிற்பயிற்சி, வழக்கால் வந்த தகுதியிழப்பை நீக்குவது என்று நல்ல யோசனைகள். ஆனால் கெட்ட எண்ணத்தோடோ நல்லெண்ணம் இல்லாமலோ தொடுத்த வழக்குகளுக்குத்தான் அது வழி சொல்கிறது. வி.ஏ.ஓ. வழக்கில் கெட்ட எண்ணத்தை எங்கே போய்த் தேடுவது? இன்ஸ்பெக்டருக்கு நம்மவர் மேல் எந்தப் பகையும் கிடையாது. ஒரு கொலை, மேலிடத்து நெருக்கடி, கைக்கு எட்டிய ஓர் ஏழை, எப்போதும் எழுதுகிற அதே வாக்குமூலம். வழக்கத்தால் செய்தார்கள். 2,691 நாளும் வழக்கத்தால் போனவை. அந்த அறிக்கையும் அலமாரியில் இருக்கிறது. புதிய குற்ற நடைமுறைச் சட்டம் எழுதியபோது அதை எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சட்டம் வரும்போது வரட்டும் என்று நான் என் மட்டத்தில் மூன்று காரியம் செய்கிறேன். பொய்யாக உண்டாக்கிய சாட்சியம் தெளிவாகத் தெரிகிற அப்பீலில், விடுதலை மட்டும் போதாது, வழக்கு உண்டாக்கப்பட்டது என்று தீர்ப்பில் எழுத வேண்டும் என்று வாதத்திலேயே கேட்டுவிடுகிறேன். சில அமர்வுகள் எழுதுகின்றன, சிலர் "விடுதலைதான் கிடைச்சிடுச்சே, இன்னும் என்ன?" என்கிறார்கள். இரண்டாவது, 'சந்தேகத்தின் பலன்' வந்தால், அதை நீக்கச் சொல்லி அடுத்த வாரமே மனு. மூன்றாவது, விடுதலையாகிறவரிடம் ஒரு தாள் கொடுக்கிறேன். அதில் ஒரே ஒரு தேதி இருக்கும்: இன்றிலிருந்து ஒரு வருஷம் முடிகிற நாள். அதற்குள் வந்து என்னைப் பார்க்க வேண்டும்.

ஜூனியர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். இழப்பீடு கேட்பதைப் பேராசை என்று நினைக்காதீர்கள். நானும் பல வருஷம் அப்படித்தான், உயிரோடு வந்ததே பெரிது, இதில் பணம் வேறா என்று நினைத்தேன். அபராதத்தைத் திருப்பிக் கொடு என்று எழுதுகிற கோர்ட்டுக்கு, எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும் என்ற நியாயம் தெரியும். ரூபாயில் எடுத்ததற்குச் சொல்கிற நியாயத்தை நாளில் எடுத்ததற்கும் சொல் என்றுதான் கேட்கிறோம்.

அவர் இப்போது கிணறு வெட்டப் போவதில்லை. போர் போடுகிற வண்டிகள் வந்த பிறகு அந்தக் கூட்டமே கலைந்துவிட்டது. ஒரு மில்லில் ராத்திரிக் காவல். மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. பத்திரிகை வைக்க வந்த அன்று, மனு போட்டபோது வாங்கிய அசல் கூலிக் கணக்கைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டார். "உங்ககிட்டயே இருக்கட்டும் வக்கீலய்யா. என் வீட்டுல வச்சா கரையான் அரிச்சிரும்."

என் கட்டுகளின் மேலட்டையில் இப்போது ஒரு கட்டம் கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறேன். வழக்கு எண், கட்சிக்காரர், வாயிதாவுக்குக் கீழே: 'உள்ளே இருந்த நாள்.' அவருடைய கட்டு 'முடிந்தவை' அலமாரியில் இல்லை. நாடாவை அவிழ்த்து, என் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வாயிதா கட்டம் காலி. அதற்குக் கீழே குமாஸ்தா அண்ணன் கையெழுத்தில் 2,691.